தடையில்லாச் சான்றும் இசைவும்

(கட்சால் தீவில் ரப்பர்த் தோட்டத் தமிழ்க் குடும்பத்தினர் நடுவே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடைப் பேச்சு என் தொழிலன்று. கட்சி ஆவணங்களையும் அரசு ஆவணங்களையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது என் வேலை. பெரிய நிக்கோபார்த் திட்டத்துக்கு ஒன்றிய அரசு வழங்கிய ஒப்புதல்களைத் தமிழில் பெயர்த்து வருவதால், அவற்றைப் பற்றி இங்கே பேசுமாறு பணித்திருக்கிறார்கள். பெரிய நிக்கோபாரில் நடப்பதற்கும் கட்சாலுக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் பெற்றோரை, பாட்டன் பாட்டியரை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தது ஒரு காகிதம். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று இரு அரசுகளும் பங்கிட்டுக்கொண்டன. அந்த மீதியையும் 1974இல் ஆளுக்கு 75,000 எனச் சரிபாதியாகப் பிரித்தார்கள். நூறாண்டுக் காலம் தேயிலைக்கும் ரப்பருக்கும் உழைத்த மக்களிடம், நீங்கள் எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களுடைய தொழிற்சங்கங்களும் அந்தப் பேச்சுவார்த்தையில் இல்லை. அந்தக் கணக்கின் ஒரு சிறு மிச்சமாகத்தான் கட்சாலில் ரப்பர் மரம் நட்டுப் பால்வெட்டுக்கு ஆள் சேர்த்தார்கள். பிறகு தோட்டம் வனம் மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகத்தின் கைக்குப் போனது. 2017இல் அந்தக் கழகத்தையே மூடுவதென ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. அந்த முடிவும் காகிதத்தில்தான் வந்தது.

நிக்கோபாரிகளுக்கும் இப்படியொரு வரலாறு உண்டு. துஹெத் என்னும் கூட்டுக் குடும்பத்துக்கு நிலமும் தென்னையும் பொதுவாக இருந்த ஊர்கள் அவை. பட்டா என்ற சொல்லுக்கு அங்கே தேவை இருந்ததில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் எழுந்து வந்தபோது இந்த மாவட்டத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட தீவுகளில் கட்சாலும் ஒன்று என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2001 கணக்கெடுப்பில் ஐயாயிரத்துக்கு மேல் இருந்த இத்தீவின் மக்கள்தொகை 2011இல் ஏறத்தாழப் பாதியாகி இருந்தது. பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்தது. மேற்கிலும் தெற்கிலும் இருந்த நிக்கோபாரி ஊர்களில் உயிர் தப்பியவர்களை ராஜீவ் நகர், புதிய சிங்கேன் ஆகிய குடியிருப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். தற்காலிகம் என்றுதான் அம்மக்கள் நம்பினார்கள். எங்களைப் பழைய ஊருக்கே போகவிடுங்கள் என்று அன்று தொடங்கி இன்றுவரை கேட்டு வருகிறார்கள். இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போவது இதைச் சார்ந்தது.

திட்டம் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கலத்தியா விரிகுடாவில் சரக்குப்பெட்டக மாற்றுத் துறைமுகம், படைக்கும் பொதுமக்களுக்குமான விமான நிலையம், எரிவாயுவும் சூரிய ஒளியும் கொண்ட மின்நிலையம், ஒரு புதுநகரம் ஆகிய நான்கும் அதன் உறுப்புகள். முதலில் சொன்ன செலவு 72,000 கோடி ரூபாய். பரப்பு 166 சதுர கிலோமீட்டர். அதில் 130 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு. இன்று சுமார் எண்ணாயிரம் பேர் வாழும் தீவில் எதிர்காலத்தில் மூன்றரை லட்சம் பேர் குடியிருப்பார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வெட்டப்படவுள்ள மரங்களுக்கு ஈடாக வளர்க்கப்போகும் காடு ஹரியானா மாநிலத்தில் வளருமாம். இதைத் தமிழாக்கியபோது ஆங்கில மூலத்தை இரண்டாம் முறையும் எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது.

இனி ஒப்புதல்கள் வந்த வரிசையைக் கவனியுங்கள். நான் சொல்ல வந்ததில் பெரும்பகுதி இந்த வரிசைக்குள்தான் இருக்கிறது. கலத்தியா விரிகுடா 1997 முதல் வனவிலங்குச் சரணாலயம். தோணி ஆமை முட்டையிடும் கரை அது. 2021 ஜனவரியில் தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு அந்தச் சரணாலயத்தின் அறிவிக்கையை நீக்க ஒப்பியது. சில வாரங்களுக்குள் ஒன்றிய அரசே வெளியிட்ட கடல் ஆமைப் பாதுகாப்புச் செயல்திட்டம், ஆமைக்கு முக்கியமான வாழிடங்களுள் அதே கலத்தியாவையும் குறிப்பிட்டது. திட்டத்தின் முன்சாத்தியக்கூறு அறிக்கை வெளிவந்தது 2021 மார்ச்சில். அதாவது, துறைமுகம் எப்படி அமையும் என்ற அறிக்கை வருமுன்பே அதற்கு இடையூறாக இருந்த சரணாலயம் அகற்றப்பட்டுவிட்டது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் வரைவு 2021 டிசம்பரில் வந்தது. 2022 ஜனவரி 27 அன்று கேம்ப்பெல் பேயில் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடந்தது. நூற்றுக்கணக்கான ஆங்கிலப் பக்கங்கள் கொண்ட அறிக்கையைப் படித்து, புரிந்துகொண்டு, ஊர்க் கேப்டன்களுடன் பேசி, கருத்துச் சொல்ல மக்களுக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ ஒரு மாதம்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். 2006 செப்டம்பர் 14ஆம் நாளைய சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி, அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்திலும் மாநில ஆட்சிமொழி அல்லது வட்டார மொழியிலும் தரப்பட வேண்டும். அந்தமான் நிக்கோபாரின் ஆட்சிமொழிகள் இந்தியும் ஆங்கிலமும். ஆகவே, நிக்கோபாரி மொழியில் ஒரு வரியும் தராமலே அந்த விதியை நிறைவேற்றிவிட்டதாகச் சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது. தமிழைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காட்டுக்குள் வாழும் ஷோம்பென் மக்களோ 2011 கணக்கெடுப்பின்படி சில நூறு பேர். வெளியார் தொடர்பை மிகக் குறைவாகவே கொண்டவர்கள். அவர்களுடைய மொழியில் துறைமுகம் என்பதை எப்படிச் சொல்வது? பெருந்திட்டம் எதுவானாலும் ஷோம்பென் மக்களின் நலனுக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று 2015இல் அரசே ஒரு கொள்கை அறிவித்திருக்கிறது. மதிப்பீட்டுக் குழு அந்தக் கொள்கையை ஒதுக்கிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கருத்துக் கேட்பு என்ற சொல்லுக்குள் அந்த மக்களின் கருத்து எந்த வழியில் வந்து சேர்ந்தது என்பதை அந்த ஆவணங்களில் தேடியும் என்னால் காண முடியவில்லை.

2022 ஆகஸ்டில் நிபுணர் மதிப்பீட்டுக் குழு திட்டத்தைப் பரிந்துரைத்தது. அதே மாதம்தான் சின்ன நிக்கோபார், பெரிய நிக்கோபார் பழங்குடி மன்றத்திடமிருந்து ஒரு சான்று பெறப்பட்டது. ஆங்கிலத்தில் அதற்கு ‘நோ அப்ஜக்ஷன் சர்ட்டிபிகேட்’ என்று பெயர். தமிழ்நாட்டு அலுவலகங்களில் தடையில்லாச் சான்று என்பார்கள். வன உரிமைச் சட்டமும் அதன் அடிப்படையில் 2009இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் விடுத்த சுற்றறிக்கையும் கேட்பது வேறு. கிராம சபையின் இசைவை அவை கேட்கின்றன. இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டுப் போகலாம். பல செய்தித்தாள்கள் அப்படித்தான் செய்தன. எனக்கு மனம் ஒப்பவில்லை. வாடகை வீட்டுக்கு மின் இணைப்பு வாங்க வீட்டுக்காரர் தருவது தடையில்லாச் சான்று. என்ன கேட்கிறார்கள், எவ்வளவு கேட்கிறார்கள், கொடுத்தால் தனக்கு என்ன ஆகும் என்பதையெல்லாம் அறிந்து, ஊர் கூடிப் பேசி, ஆம் என்று சொல்வது இசைவு. வன உரிமைச் சட்ட விதிகளின்படி அந்தச் சபைக்குப் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். 

2022 அக்டோபர் 27 அன்று காட்டு நிலத்துக்கு முதற்கட்ட ஒப்புதல். நவம்பர் 11 அன்று சுற்றுச்சூழல் ஒப்புதல். நவம்பர் 22 அன்று, அதாவது சரியாகப் பதினொரு நாள் கழித்து, பழங்குடி மன்றம் தான் கொடுத்த சான்றைத் திரும்பப் பெற்றது. ஏன்? பழங்குடி ஒதுக்கு நிலத்தில் 84 சதுர கிலோமீட்டர் திட்டத்துக்காக அறிவிக்கை நீக்கம் செய்யப்படுகிறது என்பதும், சுனாமிக்கு முன் தாங்கள் வாழ்ந்த, திரும்பிப் போகக் காத்திருந்த ஊர்கள் திட்ட எல்லைக்குள் விழுகின்றன என்பதும் அப்போதுதான் அவர்களுக்குத் தெளிவாயின. எந்த நிலத்துக்குத் தடையில்லை என்று சொன்னோம் என்பதே தெரியாமல் கொடுக்கப்பட்ட சான்று அது. அதைத் திரும்பப் பெற்ற பிறகும் அதை நம்பி வழங்கப்பட்ட ஒப்புதல்கள் அப்படியே நிற்கின்றன.

இன்னும் ஒன்று. அதே ஆகஸ்டில் மாவட்ட நிர்வாகம் மற்றொரு சான்றும் வழங்கியது. வன உரிமைச் சட்டப்படியான உரிமைகள் யாவும் கண்டறியப்பட்டுத் தீர்த்துவைக்கப்பட்டுவிட்டன என்கிறது அது. ஆனால் 1956ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதியே போதும், எனவே இத்தீவுகளில் வன உரிமைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் தேவையில்லை என்பது தீவு நிர்வாகம் எடுத்துவந்த நிலைப்பாடு. தொடங்காத வேலை எப்படி முடிந்தது? இந்தக் கேள்வியை நான் கண்டுபிடிக்கவில்லை. பழங்குடி மன்றமே எழுத்தில் கேட்டிருக்கிறது. வழக்கு கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்கும் சென்றிருக்கிறது.

வரைபடங்களும் காகிதங்கள்தாம். திட்டப் பரப்பில் ஏழு சதுர கிலோமீட்டர் அளவு, கட்டுமானம் தடைசெய்யப்பட்ட கடலோர மண்டலத்தில் விழுகிறது என்று முதலில் தீவின் கடலோர ஆணையம் தெரிவித்தது. 2023 ஏப்ரல் 3 அன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம், ஒப்புதலில் தலையிட மறுத்தாலும், இதையும் பவளப்பாறைகளையும் பற்றி விடை காணாத கேள்விகள் உண்டு என்று ஒப்புக்கொண்டு, ஆராய ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தது. குழுவின் தலைவர் யார் தெரியுமா? ஒப்புதல் தந்த அதே அமைச்சகத்தின் செயலாளர். பிறகு நிலத்தை நேரில் சரிபார்த்ததாகச் சொல்லி, திட்டத்தின் எந்தப் பகுதியும் அந்த மண்டலத்தில் இல்லை என்ற முடிவு வந்தது. கடற்கரை இடம்பெயரவில்லை, வரைபடத்தின் கோடு பெயர்ந்துவிட்டது. இது எப்படி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவர்களுக்கு நாட்டின் பாதுகாப்பைக் காட்டி விவரம் மறுக்கப்பட்டது. போர்க்கப்பல் நிற்கும் இடத்தைக் கேட்டால் மறுக்கலாம். ஆமை முட்டையிடும் இடத்தைக் கேட்டாலுமா?

சோழர் பெருமையைச் சொல்லி இந்தத் துறைமுகத்துக்குத் தமிழர் மகிழ வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று இத்தீவுகளைக் குறிப்பது உண்மையே. தமிழ் முதுகலையில் எங்களுக்கு அது பாடம். அன்றும் இங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு அது சான்றாகும். இன்றைய மக்களைக் கேட்க வேண்டாம் என்பதற்கு அது எப்படிச் சான்றாகும் என்று விளங்கவில்லை.

கூட்டம் தொடங்குமுன் இங்கே ஒரு பெரியவர் என்னிடம் நேராகவே கேட்டார்: “நிக்கோபாரிகளுக்காவது நிலம் இருக்கிறது, நமக்கு அதுவும் இல்லை. துறைமுகம் வந்தால் நம் பிள்ளைகளுக்கு வேலை வராதா? நீங்கள் அதையும் கெடுக்கிறீர்களே?” நியாயமான கேள்வி. சுற்றிவளைக்காமல் விடை சொல்ல வேண்டும்.

பெரிய நிக்கோபாரிலும் குடியேறியவர்கள் உண்டு. 1969 முதல் 1980 வரை பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம், தமிழ்நாடு முதலிய இடங்களிலிருந்து முன்னாள் படைவீரர் குடும்பங்களை, முந்நூறுக்கும் மேற்பட்டவற்றை, அரசே அழைத்துச்சென்று கிழக்குக் கரையில் குடியமர்த்தியது. காட்டைத் திருத்தி வயலாக்கினார்கள். நமக்கு இல்லாத பட்டா அவர்களுக்கு இருந்தது. சுனாமி அந்த நிலத்தில் ஒரு பகுதியை விழுங்கியது. இப்போது விமான நிலையத்துக்காக காந்தி நகரிலும் சாஸ்திரி நகரிலும் அவர்களது நிலத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை நடக்கிறது. சாஸ்திரியின் ஒப்பந்தத்தால் நீங்கள் இங்கே வந்தீர்கள். சாஸ்திரியின் பெயர் சூட்டிய ஊரிலிருந்து அவர்கள் போகப்போகிறார்கள். தேசத்தின் எல்லையைக் காக்க வந்தவர்கள் என்று புகழப்பட்ட பட்டாதாரர்களே இன்று இழப்பீட்டுத் தொகைக்கு மனு எழுதுகிறார்கள் என்றால், பட்டா இல்லாதவனுக்கு அந்தத் திட்டத்தில் என்ன இடம் கிடைக்கும் என்பதை ஐயா அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

மும்பை தாராவியைப் பாருங்கள். நெல்லைச் சீமையிலிருந்து போய் நான்கு தலைமுறையாக வாழும் தமிழர்கள் அங்கே ஏராளம். நகரின் நடுவே விலைமதிப்பற்ற நிலம். 2022 நவம்பரில், பெரிய நிக்கோபாருக்கு ஒப்புதல் கிடைத்த அதே மாதத்தில், அதன் மறுசீரமைப்பு ஏலம் அதானி குழுமத்துக்குப் போனது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதைக் காகிதத்தால் மெய்ப்பிப்பவருக்கு அங்கேயே இலவச வீடு. மற்றவருக்கு ஊருக்கு வெளியே எங்கோ. அந்த 2000 ஜனவரி 1 கட்சாலுக்கும் தெரிந்த நாள்தான். புத்தாயிரத்தின் முதல் கதிர் கட்சாலில்தான் விழுகிறது என்று உலகமே இங்கே கேமராவைத் திருப்பிய நாள் அது. அன்று ஊரில் இருந்ததற்கான ரசீதைத் தேடித் தாராவியில் நம் மக்கள் பெட்டி பெட்டியாகக் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். வேலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எந்த வேலை, யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு என்பதை எழுத்தில் கேட்போம். எந்த ஒப்புதலின் எந்த நிபந்தனையில் கட்சால் இளைஞருக்கு வேலை என்று இருக்கிறது? நான் படித்தவரையில் இல்லை.

நடைமுறையைப் பின்தொடர்வதால் என்ன பயன் என்று சலிப்பவர்களுக்கு ஒடிசாவின் நியம்கிரியை நினைவூட்டுகிறேன். வேதாந்தா நிறுவனத்தின் பாக்சைட் சுரங்கத்துக்கு எதிரான வழக்கில் 2013 ஏப்ரல் 18 அன்று உச்சநீதிமன்றம், முடிவைக் கிராம சபைகளிடமே விட்டது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. சுரங்கம் வரவில்லை. தடையில்லாச் சான்று அல்லாமல் இசைவு கேட்கப்பட்ட இடம் அது. அதன் பிறகுதான், 2022 ஜூனில், வனப் பாதுகாப்பு விதிகளைத் திருத்தி, வன உரிமைகளைத் தீர்த்துவைக்கும் பொறுப்பை ஒன்றிய அரசின் ஒப்புதலுக்கு முந்திய கட்டத்திலிருந்து பிரித்து மாநிலங்களின் தலையில் பின்னுக்குத் தள்ளினார்கள். இசைவுக்கு வலிமை இல்லையென்றால் அதை ஒதுக்க இவ்வளவு பாடுபட மாட்டார்கள்.

ஆகவே நாள்களைக் கவனியுங்கள். சுற்றுச்சூழல் ஒப்புதலை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக முப்பது நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள். அதற்குப் பின் அந்தக் கதவு அடைபடும். ஒப்புதல் பெற்ற நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1 அன்றும் டிசம்பர் 1 அன்றும் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றியது என்று அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கைகளைக் கேட்டு வாங்கும் உரிமை கட்சாலில் இருப்பவருக்கும் உண்டு. தகவல் உரிமை மனுவுக்கு முப்பது நாளில் விடை வர வேண்டும். மறுத்தால் மறுப்பையே எழுத்தில் வாங்கிவையுங்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும். இங்கே தோட்டம் மூடப்பட்டது தொடர்பாக உங்களுக்கு வந்த கடிதங்கள், குடியமர்த்தல் ஆணை, சம்பளச் சீட்டு, எதையும் கிழித்துப் போடாதீர்கள். மறுபடி ஒரு காகிதம் கட்சாலைப் பற்றியும் வரும்போது, அதில் உங்கள் பெயர் எந்தப் பத்தியில் இருக்கிறது என்பதை முதலில் நீங்களே படித்துக்கொள்ள வேண்டும். அப்போது நிக்கோபாரிகளும் நாமும் ஒரே பக்கத்தில் நின்று படிப்பது நல்லது. இருவரையும் தனித்தனியே அழைத்துக் கையெழுத்து வாங்குவதுதான் எளிது என்பது அலுவலகத்தாருக்குத் தெரியும்.

சுற்றுச்சூழல் ஒப்புதலின் நிபந்தனைகளைத் தமிழில் ஆக்கிப் பத்துப் படிகள் கொண்டுவந்திருக்கிறேன். சில சொற்கள் கடினமாக இருக்கும். அடைப்புக்குறிக்குள் வழக்குச்சொல்லையும் கொடுத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் பெரிய நிக்கோபாரின் வரைபடம் இருக்கிறது. சுனாமிக்கு முந்திய ஊர்களின் பெயர்கள் அதில் இல்லை. அரசு வரைபடத்தில் இல்லாததால் என்னாலும் சேர்க்க முடியவில்லை. அந்தக் கரையில் உறவு உள்ள நிக்கோபாரி நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள். பென்சில் இந்த மேசையில் இருக்கிறது. எந்த ஊர் எங்கே இருந்தது, எந்தத் துஹெத்தின் தென்னந்தோப்பு எது என்று குறித்துத் தாருங்கள். அடுத்த கப்பலில் நான் போகுமுன் அதைப் படியெடுத்து உங்களிடமே ஒன்றை விட்டுச்செல்கிறேன்.